படுத்துப் பார்த்த சுவர்

போன மாதம் கான்ட்ராக்டர் பாண்டியன் தன்னிடம் வேலை பார்க்கும் பெயிண்டர்களை எல்லாம் ஒரு மண்டபத்தில் கூட்டி, பெயிண்ட் விற்பனைப் பிரதிநிதி ஒருவரைப் பேச வைத்தார். பழைய ஆள் என்ற முறையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர் செல்போனில் சுவரைப் போட்டோ எடுத்துவிட்டு விரலால் திரையைத் தொட்டார். படத்தில் சுவர் நிறம் மாறியது. நீலம் அடித்தால் மன அமைதி, மஞ்சள் அடித்தால் உற்சாகம், பச்சை என்றால் ஓய்வு, சிவப்பு என்றால் கோபம் என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல ஒப்பித்தார். கடைசியில் வடையும் டீயும் கொடுத்தார்கள். வடை நன்றாகவே இருந்தது.

டீ குடிக்கும்போது ஒருவர் என் பக்கம் வந்து, "அண்ணே, சுவத்துக் கலருக்கும் மனசுக்கும் நெசமாவே சம்பந்தம் இருக்கா? இல்ல, ஏவாரத்துக்குச் சொல்றாகளா?" என்று கேட்டார்.

"இருக்கு. ஆனா அவரு சொன்ன மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. உட்கார்ந்து எழுதினால் தேவலை என்று தோன்றியது.

நான் இந்த வேலைக்கு வந்தபோது மதுரையில் பெயிண்டர் என்று யாரும் எங்களைச் சொல்வதில்லை. வெள்ளையடிக்கிறவன், அவ்வளவுதான். தகர டிரம்மில் சுண்ணாம்பை நீற்றி, சாக்கில் வடிகட்டி, ஒட்டுக்கு வஜ்ஜிரப் பசையும் வெளுப்புக்கு ஒரு சிட்டிகை நீலமும் கலந்து, தாழை வேரைத் தட்டிச் செய்த மட்டையால் அடிப்போம். பொங்கலுக்கு முந்தின மாதம் சாப்பிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் நேரம்தான் இருக்கும். அப்படிச் சில வருடம் போனது. எழுபதுகளின் தொடக்கத்தில் டிஸ்டம்பர் பரவலாக வந்தது. அட்டைப் பெட்டியில் மாவாக வரும், தண்ணீரில் கரைத்து அடிக்க வேண்டும். வெள்ளை, காவி, நீலம் என்று மூன்றே நிறம் பார்த்திருந்த ஊருக்கு ரோஸும் ஊதாவும் கிளிப்பச்சையும் ஒரே நேரத்தில் கிடைத்தன. ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி புதிதாகக் கான்கிரீட் வீடு கட்டினார். நான்கு மகன்கள். கூடத்துக்கு என்ன நிறம் என்பதில் நால்வருக்கும் சண்டை. கடைசியில் ஆளுக்கொரு சுவர் என்று தீர்ப்பானது. அடித்துக் கொடுத்தோம். அடுத்த தீபாவளிக்கு அந்தப் பக்கம் போனபோது அந்தச் சம்சாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவனவன் அவனவன் சுவத்துல சாஞ்சுதான் உக்காருறான். அப்பத் தன் கலரு முதுகுக்குப் பின்னால போயிருது. எதிர்ல இருக்கவன் கலரைப் பாத்துக்கிட்டே சோறு திங்க வேண்டியிருக்கு. அதுலயே மறுபடியும் சண்டை." நிறத்தைப் பற்றி நான் கேட்ட முதல் உருப்படியான பேச்சு அதுதான். வீட்டுக்காரருக்குப் பிடித்த நிறம் எது என்று எல்லோரும் கேட்கிறோம். அவர் எங்கே உட்கார்ந்து எதைப் பார்ப்பார் என்று கேட்பதில்லை.

டிஸ்டம்பர் வந்து சில வருடம் கழித்து நான் போய்ச் சேர்ந்தது வேலுச்சாமி மேஸ்திரியிடம். தினமும் வெள்ளை முழுக்கைச் சட்டையில் வருவார். சாயங்காலம் போகும்போதும் அதில் ஒரு பொட்டு இருக்காது. நாங்கள் காக்காய் எச்சமிட்ட சிலை மாதிரி நிற்போம். சத்தம் போட மாட்டார். வேலை சரியில்லை என்றால் அந்த இடத்துக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான். நாமே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவோம். வேலை நடக்கிற வீட்டில் உட்காரவே மாட்டார். டீ கொடுத்தால் வாசலில் நின்று குடிப்பார். வேலை முடிந்துவிட்டால் அந்த வீட்டு வாசற்படியை மறுபடி மிதிக்க மாட்டார்.

அவருக்கு இரண்டு பெருமை. ஒன்று, அவர் கலக்கும் பச்சை. கடைப் பச்சை கண்ணைக் குத்தும் என்பார். வெள்ளை டிஸ்டம்பரைக் கரைத்து, பச்சைப் பொடி போட்டு, கொஞ்சம் மஞ்சளைத் தட்டி, கடைசியில் விரல் நுனியில் கறுப்பை எடுத்து உதறுவார். அந்தக் கறுப்புதான் ரகசியம். பச்சை அடங்கி, நிழலில் கிடக்கும் வாழையிலை போல ஆகிவிடும். இரண்டாவது, கோடு. சுவரில் மார்பு உயரத்துக்கு நூல் பிடித்து அடையாளம் வைத்துவிட்டு, கரும்பச்சையில் ஒரு விரல் அகலக் கோட்டை, கட்டையோ அட்டையோ வைக்காமல் வெறும் கையால் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் இழுப்பார். மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பார். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, கோடு மனசுக்கு ஒழுங்கு என்பது அவருடைய சித்தாந்தம். விட்டால் மதுரை முழுவதையும் பச்சையாக்கியிருப்பார்.

அவசர நிலை முடிந்த அடுத்த வருடம் என்று நினைவு. நரிமேட்டில் டேனியல் வாத்தியார் வீட்டு வேலை வந்தது. மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் மனைவி எஸ்தர் டீச்சருக்குக் காசநோய். எட்டு மாதமாக ஊருக்கு வெளியே இருந்த சானடோரியத்தில் படுத்திருந்தார். அப்போதெல்லாம் அங்கே போனவர்களைப் பற்றித் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். டீச்சருக்குக் குணமாகி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், ஆனால் காற்றோட்டமான தனி அறை வேண்டும், ஓய்வும் நல்ல சாப்பாடும் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த அறை ஒன்றுதான் உண்டு. அதை அவள் வருவதற்குள் புதுசாக்க வேண்டும் என்றார் வாத்தியார்.

"அவ கண்ணு முழிச்சுப் பாத்தா மனசுக்கு இதமா இருக்கணும் மேஸ்திரி. காசு பத்திப் பாக்காதீங்க."

"நீங்க போங்க சார். நாங்க பாத்துக்கிடுறோம்" என்றார் மேஸ்திரி. அவர் என்ன நிறம் கலக்குவார் என்பதை நாங்கள் கேட்கவே வேண்டியதில்லை.

அந்த அறையை மேஸ்திரி உயிரைக் கொடுத்துச் செய்தார். பட்டி பார்த்துத் தேய்த்த சுவர், தடவினால் கண்ணாடி. கோடு இழுத்த அன்று அவர் காபி கூடக் குடிக்கவில்லை, கை நடுங்குமாம். முடிந்ததும் வாத்தியார் அறை நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டீச்சர் வந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஜன்னல் கதவில் எனாமல் ஒட்டுகிறது என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். மேஸ்திரி என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால், அந்த அறை காலியாகக் கிடக்கிறது. கட்டிலில் விரித்த போர்வை கலையவில்லை. டீச்சர் அடுக்களையில், விறகடுப்புப் புகைக்கு நடுவில், பாயில் சுருண்டு படுத்திருக்கிறார்.

வாத்தியார் என்னை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார். "அந்த ரூம்ல படுக்க மாட்டேங்குறாய்யா. ஏன்னு கேட்டா பதில் இல்ல. சாப்பாடும் இறங்க மாட்டேங்குது. மாசக் கடைசில செக்கப். எடை குறைஞ்சிருந்தா மறுபடியும் அங்கயே சேத்துருவோம்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. எங்கம்மா வேற, இவளுக்கு வீடே பிடிக்கல, புருசனையும் பிடிக்கலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாக." சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

நான் அடுக்களை ஜன்னலையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று அங்கே போனேன். பிரஷ்ஷை உதறும்போது தரையில் பெயிண்ட் சொட்டிவிட்டது. சிவப்புச் சிமெண்டுத் தரை, பளிச்சென்று தெரிந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள்தான் புரிந்துகொள்வார்கள். எவ்வளவு சாந்தமான பெண்மணியாக இருந்தாலும் தன் வீட்டுத் தரையில் பெயிண்ட் சொட்டினால் பத்ரகாளி ஆகிவிடுவார். திட்டு வாங்காமல் நான் ஒரு வீட்டில் கூட வேலை முடித்ததில்லை. நாங்களே சாயங்காலம் "இன்னைக்கு யாருக்குத் திட்டு?" என்று கேட்டுச் சிரித்துக்கொள்வோம். இந்த அம்மா பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

"துடைச்சுருறேன் டீச்சர், கோவிச்சுக்கிடாதீக" என்றேன்.

"இருக்கட்டும்ண்ணே. அதுக்கென்ன இப்ப." யாரோ வீட்டுத் தரையைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னார். நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவரே கேட்டார். "அந்த ரூம்ல அடிச்சிருக்க கலர் எந்தக் கடைல வாங்குனீங்க?"

"கடைல கிடைக்காது டீச்சர். எங்க மேஸ்திரி கைக்கலவை."

"அப்ப அங்க அடிச்சதும் அவருதானா?"

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"வார்டுலயும் இதே பச்சைதான்ண்ணே. பச்சைல எம்புட்டோ இருக்கு, ஆனா இதே பச்சை. அதே கோடு. படுத்தா கண்ணுக்கு நேரா அந்தக் கோடுதான். எட்டு மாசம் அதைத்தான் பாத்துக்கிட்டுக் கிடந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா செத்துப்போன அன்னைக்கும் நான் அந்தப் பக்கம் திரும்பாம கோட்டையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். இங்க வந்து முதல் நாள் விடிய முழிச்சேன். கோடு இருந்துச்சு. நர்ஸ் தெர்மாமீட்டரோட வருவாங்கன்னு வாயைத் திறந்துக்கிட்டுக் கிடந்தேன்." அடுப்புப் பக்கம் பார்த்தபடி சொன்னார். "இவரு ஆசையாச் செஞ்சது. பிடிக்கலன்னு எப்படிச் சொல்றது? ஆனா நான் இன்னும் வீட்டுக்கு வந்து சேரலண்ணே."

சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக மேஸ்திரியிடம் போனேன். நான் அவரிடம் சேர்வதற்கு முன்பே அந்தச் சானடோரிய வேலையை அவர் எடுத்துச் செய்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. கேட்டதும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்வதென்ன, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா, என் கலவைதான். என் கோடுதான். பெரிய டாக்டரே வந்து பாத்துட்டு, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. அதைப் பாத்துக்கிட்டுப் படுத்த அம்மா குணமாகித்தானே வந்திருக்கு? பின்ன எப்படி அந்தக் கலர் கெட்ட கலராகும்?"

"கலரைக் கெட்டதுன்னு சொல்லல மேஸ்திரி. அவுகளுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருது."

"ஒரு மாசத்துல பழகிரும். வேலை முடிஞ்ச வீட்டுக்கு நான் போறதில்ல, உனக்குத் தெரியும்" என்று பேச்சை முடித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. இவருடைய கோட்டுக்காக அந்த அம்மா புகையில் கிடந்து சாக வேண்டுமா என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பினேன். அவரிடம் அப்படியெல்லாம் பேசிவிட முடியாது.

மறுநாள் மத்தியானம், ஒட்டின எனாமலைச் சுரண்டி முடிக்க நான் வாத்தியார் வீட்டில் இருந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். மேஸ்திரி. முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு. "அந்த ரூமைப் பாக்கணும் சார்" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே வந்தார். கையைக் கட்டிக்கொண்டு சுவர் முன்னால் நிற்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராகக் கட்டிலுக்குப் போனார். போர்வையை விலக்கினார். வேலை வீட்டில் நாற்காலியில் கூட உட்காராத மனுஷன் கட்டிலில் ஏறி, தலையணையில் தலை வைத்து, மல்லாந்து படுத்துவிட்டார்.

வாத்தியார் பதறிப் போனார். "மேஸ்திரி, அது அவ முதல் நாள் படுத்த கட்டில்!" டீச்சர் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சொந்தக்காரர்கள் தண்ணீர் கூடக் குடிப்பதில்லை. வாத்தியாரின் அம்மா தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்திருந்தார். மேஸ்திரி காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. படுத்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்தார். இடது பக்கம் திரும்பிப் பார்த்தார், வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கோடு இருந்தது. கண்ணில் படுகிற மூன்று சுவரையும் சுற்றி ஒரே உயரத்தில், ஒரு பிசிறு இல்லாமல் அவரே இழுத்தது. டீச்சர் அடுக்களை நிலைப்படியில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து உட்கார்ந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "நான் நின்னுக்கிட்டே பாத்து இழுத்த கோடும்மா" என்றார். "படுத்துப் பாக்கல. என்ன கலர் வேணும், சொல்லுங்க."

டீச்சர் தயங்கவே இல்லை. "கனகாம்பரக் கலர்."

மேஸ்திரியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அது கல்யாணப் பந்தலுக்கு ஆகும்மா. படுக்கிற ரூமுக்கு ஆகாது. உஷ்ணக் கலர். தூக்கம் வராது."

"அங்க எட்டு மாசத்துல ஒரு நாள்கூட என் கண்ணுல படாத கலர் அது ஒண்ணுதான் மேஸ்திரி. அதைப் பாத்துக்கிட்டு முழிச்சேன்னா, எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும்."

மேஸ்திரி எழுந்து போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தார்.

அந்த வேலையை எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். பழைய டிஸ்டம்பரைச் சாதாரணமாகக் காய்ந்த சுவரிலேயே சுரண்டி எடுப்போம். அறை முழுக்க மாவுத்தூசு பறக்கும். இளைத்த நெஞ்சு இருக்கிற வீட்டில் அது நடக்காது. டீச்சரைத் தெருக்கோடியில் இருந்த சர்ச் ஆயா வீட்டில் பகலுக்கு இருக்க வைத்தோம். கதவிடுக்குகளை ஈரச்சாக்கால் அடைத்து, வெந்நீரில் துணியை முக்கி முக்கிச் சுவரை ஊற வைத்து, பச்சையைக் கூழாக வழித்து எடுத்தோம். கோட்டை மட்டும் எங்களைத் தொட விடவில்லை மேஸ்திரி. அது எண்ணெய் பெயிண்ட், வெந்நீருக்கு வராது. தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாளால் அவரே தேய்த்தார், நான்கு சுவரும். வெள்ளைச் சட்டையின் கை இரண்டும் முழங்கை வரைக்கும் பச்சையாகிவிட்டன.

பிறகு நிறம். பூக்காரியிடம் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வந்து ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டு கலக்க ஆரம்பித்தார். டிஸ்டம்பர் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் அதைவிட வெளிறின நிறம். ஈரத்தில் பூவோடு ஒத்துப்போனால், காய்ந்ததும் பூ வேறு சுவர் வேறு ஆகிவிடும். அதனால் ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளில் தடவி, மாடியில் காயப் போட்டு, எடுத்து வந்து பூவோடு சேர்த்துப் பார்ப்பார். அதற்குள் பூ வாடி நிறம் மாறிவிடும். மறுபடி ஒரு முழம். பூக்காரி "என்ன மேஸ்திரி, வீட்ல விசேசமா?" என்று கேட்டுவிட்டாள். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டோம். முதல் கலவை செங்கல்லாகக் காய்ந்தது. அடுத்தது பல்பொடி ரோஸ். ரோஸையும் மஞ்சளையும் கூட்டிக் குறைத்து, கடைசியில் வழக்கம்போல விரலில் கறுப்பை எடுத்தார். உதறப் போனவர் நிறுத்தி, விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். அந்தத் துண்டு காய்ந்து வந்தபோது பூவை அதன்மேல் வைத்தால் பூ இருக்கும் இடம் தெரியவில்லை.

கோடு இழுக்கவில்லை.

செக்கப்பில் எடை கூடியிருந்தது என்றும், கோடை விடுமுறை முடிந்து டீச்சர் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார் என்றும் வாத்தியார் பின்னால் வந்து சொன்னார். அந்த அறையில் தூக்கம் நன்றாக வருகிறதாம். உஷ்ணக் கலர் என்ற மேஸ்திரியின் கணக்கு அங்கே பலிக்கவில்லை. ஆனால் எடைக்கணக்கு வருவதற்கு வெகுமுன்பே, வேலை முடிந்த அன்றே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் டீச்சரை அழைத்து வந்தார்கள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் விழுந்து அறை முழுவதும் தகதகவென்று இருந்தது. வாசற்படியில் நின்று பார்த்தார். திரும்பி அடுக்களைக்குப் போய்விட்டார். வாத்தியாருக்கு முகம் செத்துவிட்டது. மேஸ்திரி எங்கள் பக்கம் திரும்பாமல் பிரஷ்களை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

அடுக்களையிலிருந்து டீச்சர் திரும்பி வந்தார். கையில் ஈரத்துணியும் வாளியும்.

"இது என்ன வேலைங்குறேன்? தரை பூராச் சொட்டி வச்சிருக்கீக! ஒரு சாக்கை விரிச்சுட்டு அடிக்கக் கூடாது? நெலைப்படில பாரு, கை தேச்ச தடம். வயசானவுக நீங்களுமா மேஸ்திரி பாத்துக்கிட்டு நிக்கிறது? இதைத் தேச்சு எடுக்க எம்புட்டு நேரமாகும்? நான் ஒரு எட்டு மாசம் இல்லேன்னா இந்த வீட்டை என்ன வேணும்னாலும் பண்ணுவீகளா?"

மூச்சு வாங்க வாங்கத் திட்டினார். வாத்தியார் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. மேஸ்திரி டீச்சரின் கையிலிருந்த துணியை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலிட்டுத் தரையைத் துடைத்தார். ஒரு சொட்டு விடாமல் துடைத்தார். டீச்சர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அந்த மூலைல இன்னொண்ணு இருக்கு" என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்குள் கிளம்பினோம். மேஸ்திரி சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தார். தெரு முனை வந்ததும் நின்றார்.

"நல்லாத் திட்டுனாகள்ல?" என்றார்.